எடிசனின் ஆய்வுக்கூடமும் வீடும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரண்டு இதழ்களுக்கு முன், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் இருக்கும் தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூடத்தையும், அதற்கு அருகிலேயே அவர் வாழ்ந்து மறைந்த கிளென்மான்ட் வீட்டையும் பார்த்துவந்தது குறித்து ஒரு பக்கக் குறிப்பு எழுதியிருந்தேன். 'அந்த ஆய்வுக்கூடத்தில் மின்விளக்கு கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் எடிசனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும்' என்று அதில் நான் முடித்திருந்த வரிதான் பலரைக் கடிதம் எழுத வைத்திருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகள் நியூ ஜெர்சியில் 'எடிசன்' என்ற ஊரிலேயே வசிக்கிறாள். ஜூன் மாதம் நாங்கள் அங்கே போகிறோம். ஊருக்கே அவர் பெயர் இருக்க, நீங்கள் வேறு ஏதோ ஊரைச் சொல்லியிருக்கிறீர்களே, சரிதானா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: சரிதான் அம்மா. ஊரின் பெயரை நம்பி அங்கேயே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இன்று நம் நாட்டவர் ஏராளமாக வாழும் அந்த ஊர், 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப் என்றே அழைக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் மென்லோ பார்க் என்றொரு பகுதி இருக்கிறது. எடிசன் 1876இல் தம் புகழ்பெற்ற முதல் ஆய்வுக்கூடத்தை அமைத்தது அங்கேதான். பேச்சைப் பதிந்து திருப்பிச் சொல்லும் ஃபோனோகிராஃப் 1877இலும், வெகுநேரம் எரியும் கரியிழை விளக்கு 1879இலும் உருவானது அங்கேதான். ஆனால் சில ஆண்டுகளிலேயே அவர் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார். கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்தன.

பின்னாளில் எடிசனைத் தெய்வமாகவே கொண்டாடிய கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு, எஞ்சிக் கிடந்த பலகைகளைத் தேடியெடுத்து, மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் தாம் அமைத்த கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அந்த ஆய்வுக்கூடத்தை மறுபடி எழுப்பினார். நியூ ஜெர்சியின் செம்மண்ணைக்கூட ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார் என்றால் அவருடைய பக்தியை நீங்களே கணித்துக்கொள்ளலாம். விளக்கு கண்டுபிடிக்கப்பட்டதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, 1929 அக்டோபர் 21ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஹூவர் முன்னிலையில் முதிய எடிசன் அந்தக் கூடத்தில் அமர்ந்து பழைய சோதனையை நடித்துக் காட்டினார். அவர் எழுந்ததும் அந்த நாற்காலியை அப்படியே தரையோடு ஆணியடித்து வைக்கும்படி ஃபோர்டு சொல்லிவிட்டார். எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் குறை, எங்கள் தரை இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று எடிசன் அப்போது கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

ஆக, இடம் இருக்கும் ஊரில் கட்டடம் இல்லை. கட்டடம் இருக்கும் ஊரில் இடம் இல்லை. இரண்டும் பிரியாமல் இருப்பது வெஸ்ட் ஆரஞ்சில்தான். உங்கள் மகள் வீட்டிலிருந்து வடக்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவு இருக்கும். எனினும் அதற்கு முன் ஒரு மாலை மென்லோ பார்க்கையும் பார்த்துவிடுங்கள். 1938இல் திறக்கப்பட்ட நினைவுக் கோபுரமும் அதன் உச்சியில் 13 அடிக்கும் அதிக உயரமுள்ள கண்ணாடி விளக்கும், பக்கத்தில் ஒரு சிறிய காட்சியகமும் அங்கே இருக்கின்றன.

கேள்வி: மின்விளக்கும் அங்கே பிறக்கவில்லை, ஃபோனோகிராஃபும் அங்கே பிறக்கவில்லை என்றால் வெஸ்ட் ஆரஞ்சில் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை)

பதில்: ஆசிரியராக இருந்தவர் என்பதால் நீங்கள் ரசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அங்கே முதலில் பார்க்க வேண்டியது எந்த ஒரு கண்டுபிடிப்பையும் அல்ல. அறைகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைக்கப்பட்டிருக்கும் முறையைத்தான்.

1887இல், ஏற்கெனவே பெரும் புகழும் பணமும் சேர்ந்திருந்த நாற்பது வயதில், ஒரு யோசனையை மற்ற எவரையும்விட விரைவாகவும் மலிவாகவும் கையில் பிடிக்கத்தக்க ஒரு பொருளாக மாற்றிவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு எடிசன் கட்டிய வளாகம் இது. 250 அடி நீளத்தில் மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று. அதற்குச் செங்குத்தாக வரிசைபிடித்து நிற்கும் நான்கு சிறிய ஒற்றை மாடிக் கட்டடங்கள். அளவு என்று பார்த்தால் நம் ஊர்ப் பழைய நூற்பாலை ஒன்றின் மூலைக்குக்கூட வராது. ஆனால் உள்ளே நுழைந்ததும் நூலகம். அதைத் தாண்டியதும் சரக்கறை. அதற்கு அடுத்தது கனரக இயந்திரப் பட்டறை. படித்தது, எடுத்தது, செய்தது என்ற மூன்றுக்கும் நடுவில் ஒரு சில எட்டுகள்தான் இடைவெளி.

நூலகம் இரண்டடுக்கு மேல்தளங்களோடு, மரவேலைப்பாடு மின்ன, கோயில் மண்டபம்போல் ஓங்கி நிற்கிறது. ஏறத்தாழ பத்தாயிரம் நூல்கள். நடுவில் எடிசனின் மேசை. அதன் சிற்றறைகளில் இன்னும் காகிதங்கள். 1889 பாரிஸ் பொருட்காட்சியில் அவர் விலைக்கு வாங்கிவந்த, உடைந்த எரிவாயு விளக்கின்மேல் அமர்ந்து மின்விளக்கைத் தூக்கிப்பிடிக்கும் பளிங்குச் சிறுவன் ஒருவன் ஒரு பக்கம் நிற்கிறான். சுவரோரத்தில் ஒரு சிறிய கட்டில். மேசைகளின்மேல் படுத்துத் தூங்கும் கணவருக்காக மனைவி மினா அங்கே போடச் சொன்னது என்கிறார்கள். 1931 அக்டோபரில் எடிசன் மறைந்தபோது, அவருடைய உடல் இரண்டு நாள் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டதும் இதே அறையில்தான்.

ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது நூலகம் அன்று, சரக்கறைதான். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையையும் இரும்புக் கடையையும் துணிக்கடையையும் ஒரே கூரையின்கீழ்க் கொட்டியதுபோல் இருக்கிறது அது. எல்லா அளவிலும் திருகாணிகள், ஊசிகள், கம்பிகள், உலோகத் தகடுகள். இவை எந்தப் பட்டறையிலும் இருப்பவைதான். ஆனால் விலங்குகளின் மயிர், கொம்பு, குளம்பு, சுறாப் பல், ஆமை ஓடு, மயில் தோகை, பட்டுக்கூடு, அம்பர், பிசின் என்று அன்று அவர் வாங்கிக் குவித்திருந்த பட்டியல் முடிவதில்லை. இது சேகரிப்புப் பைத்தியம் அன்று. விளக்கிழைக்காகத் தாவரநார்களையெல்லாம் எரித்துப் பார்த்து, கடைசியில் மூங்கில் நாரில் வந்து நின்ற மனிதர் அவர். எந்தப் பொருள் எந்தச் சோதனைக்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர். ஒரு பொருளுக்கு நியூயார்க்குக்கு ஆள் அனுப்பி இரண்டு நாள் காத்திருந்தால், அதற்குள் யோசனை ஆறிப்போய்விடும் என்பதே அவர் கணக்கு.

கீழ்த்தளத்துக் கனரகப் பட்டறையிலும் இரண்டாம் தளத்து நுண்கருவிப் பட்டறையிலும் கடைசல் இயந்திரங்களும் துளையிடும் இயந்திரங்களும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கூரையை ஒட்டி நீண்ட சுழல்தண்டுகள். அவற்றிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கிவரும் தோல் பட்டைகள். ஒரே விசையால் ஒரு தளம் முழுவதையும் ஓட்டிய காலத்து ஏற்பாடு இது. பழைய ரைஸ் மில்லில் நெல் அரைக்கக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பட்டைகளைப் பார்த்த மாத்திரத்தில் அவற்றின் சடசடப்பு காதில் கேட்கும். இரண்டாம் தளத்திலேயே வரைபட அறையும், எடிசன் தமக்கென்று வைத்துக்கொண்ட 12ஆம் எண் சோதனை அறையும் உள்ளன. குறிப்பேட்டில் அவர் கிறுக்கிய படம் வரைபடமாகி, வார்ப்புக்கான மரமாதிரியாகி, உலோகமாகி, அதே வளாகத்துக்குள் சோதனைக்கு வந்துவிடும்.

சிறிய கட்டடங்களில் வேதியியல் கூடத்தைத் தவறவிடாதீர்கள். குடுவைகளும் சீசாக்களும் மேசைகளில் அப்படியே இருக்கின்றன. எடிசனை எல்லோரும் மின்சாரத்தோடு சேர்த்துப் பேசினாலும், அவருடைய மனம் தோய்ந்தது வேதியியலில்தான் என்பதை அந்த அறையில் நின்றால் நம்பலாம். முதற்கட்டடம் உங்களைப் போன்ற இயற்பியல் ஆசிரியருக்கென்றே அமைந்த வேடிக்கை: நுட்பமான மின்னளவிகளைக் காந்தப்புலம் குழப்பிவிடக்கூடாது என்பதற்காக இரும்பைத் தவிர்த்துக் கட்டப்பட்டது அது.

அங்கே வெற்றிகள் மட்டும் காட்சிக்கு வைக்கப்படவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றுக்குள் குட்டி ஃபோனோகிராஃபை வைத்து 1890இல் விற்பனைக்கு வந்த பேசும் பொம்மையின் குரலைக் கேட்டால் குழந்தைகள் அலறியிருப்பார்கள். சில வாரங்களிலேயே அது சந்தையை விட்டுப் போய்விட்டது. காந்தத்தால் இரும்புத்தாதைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் பத்தாண்டு உழைப்பும் பெருஞ்செல்வமும் கரைந்தன. அந்த இயந்திரங்களின் அனுபவமே அவரைச் சிமெண்ட் தொழிலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மின்கார்களுக்கென்று ஏறக்குறைய பத்தாண்டு பாடுபட்டு நிக்கல்–இரும்பு மின்கலத்தை அவர் பழுதின்றிச் செய்து முடித்தபோது, சாலைகளைப் பெட்ரோல் கார்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் ரயில்வே சைகை விளக்குகளுக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் தலைவிளக்குகளுக்கும் அது பயன்பட்டு, அவருக்கு நல்ல வருமானத்தையே தந்தது.

வெளியே முற்றத்தில் கறுப்புத் தார்க்காகிதம் போர்த்திய ஒரு விசித்திரக் கொட்டகை நிற்கும். உலகின் முதல் திரைப்படக் கூடம் என்று சொல்லப்படும் 'பிளாக் மரியா'வின் மறு உருவாக்கம் அது. 1893இல் சுமார் 637 டாலர் செலவில் கட்டப்பட்ட மூலக் கொட்டகை பத்தாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. இப்போதிருப்பது 1954இல் செய்தது. வெயில் உள்ளே விழுவதற்காகக் கூரை திறக்கும். சூரியன் நகர நகரக் கொட்டகையே வட்டத் தண்டவாளத்தின்மேல் திரும்பும். தும்மும் தொழிலாளி ஒருவரையும் ஆடும் பெண்களையும் இங்கே படம் பிடித்தார்கள். 1894இல் தசைகளை முறுக்கிக் காட்டிப் படமானவர்களில் ஒருவர் யூஜின் சாண்டோ. நம் ஊரில் உடற்பயிற்சி வீரர்களின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' என்று ஒட்டிக்கொண்டதே, அவரேதான்.

கேள்வி: எடிசன் எதையும் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை, சம்பளத்துக்கு வைத்திருந்தவர்களின் உழைப்பைத் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார், டெஸ்லாவையும் அந்த ஆய்வுக்கூடத்தில் வைத்துத்தான் ஏமாற்றினார் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். உண்மையா? (பொறியியல் மாணவர், சேலம்)

பதில்: கடைசிப் பகுதியை முதலில் தீர்த்துவிடலாம். மாறுமின்னோட்டக் கருவிகளால் பின்னாளில் புகழ்பெற்ற பொறியாளர் நிகோலா டெஸ்லா, 1884இல் நியூயார்க்கில் எடிசனின் நிறுவனமொன்றில் சுமார் ஆறு மாதம் பணியாற்றி விலகியவர். வெஸ்ட் ஆரஞ்சு ஆய்வுக்கூடம் அதற்குப் பின், 1887இல் கட்டப்பட்டது. ஆகவே அங்கே வைத்து அவரை ஏமாற்ற வழியில்லை.

முதற்பகுதி அவ்வளவு எளிதன்று. எடிசனின் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள் இருக்கின்றன. ஒருவர் ஓர் ஆயுளில் தனியாக அமர்ந்து இத்தனையையும் செய்திருக்க முடியும் என்று நம்புகிறவர், பட்டறையில் வரிசையாக நிற்கும் இயந்திரங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கைத்தேர்ச்சி பெற்ற மனிதர் நின்றார். தங்களைத் தாங்களே 'மக்கர்கள்', அதாவது சேற்றில் உழல்பவர்கள், என்று கேலியாக அழைத்துக்கொண்ட அவர்களில் பலர் நேரம் காலம் பாராமல் உழைத்தார்கள். திரைப்படக் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் டபிள்யூ.கே.எல். டிக்சனின் பங்கு எடிசனுடையதைவிடப் பெரிது என்பதை இன்று வரலாற்றாளர்கள் தயங்காமல் சொல்கிறார்கள்; இரு பக்கமும் துளையிட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருளுக்கு வடிவம் கொடுத்தவர் அவர்.

ஆனால் இதிலிருந்து எடிசன் வெறும் கையெழுத்துப் போட்டவர் என்ற முடிவுக்குத் தாவுவது, மற்றொரு பக்கத்துப் பொய்யாகிவிடும். ஆய்வுக்கூடத்தின் 3,500க்கு மேற்பட்ட குறிப்பேடுகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன; மொத்த ஆவணங்கள் ஐம்பது லட்சம் பக்கங்களைத் தொடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பல பதின்ம ஆண்டுகளாக ஒரு குழு அவற்றைப் படித்துப் பதிப்பித்துவருகிறது. அவருடைய கையெழுத்தில் படங்களும் கட்டளைகளும் திருத்தங்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எதை ஆராய்வது, யாரை எதில் போடுவது, எப்போது கைவிடுவது என்பதையெல்லாம் தீர்மானித்தவர் அவர். என்னைக் கேட்டால், அவருடைய ஆகப்பெரிய கண்டுபிடிப்பு அந்த ஆய்வுக்கூடமேதான். அதற்கு மட்டும் காப்புரிமை வாங்க அவருக்கு வழியில்லாமற் போயிற்று.

புகழைப் பங்கிடுவதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. 1896இல் எக்ஸ் கதிர்கள் பற்றிய செய்தி வந்ததும் எடிசன் அதில் இறங்கி, கதிர்ப்படத்தைக் கண்ணால் நேரடியாகக் காணும் திரையொன்றை உருவாக்கினார். அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அந்தக் கதிர்களின் முன் தம் கைகளைத் திரும்பத் திரும்ப நீட்டிச் சோதித்தார். கைகளில் புண் வந்தது, ஆறவில்லை, வெட்டி எடுக்க நேர்ந்தது, 1904இல் இறந்துபோனார். எடிசன் அஞ்சி அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். அந்த அறைகளில் நடக்கும்போது நான் நினைத்துக்கொண்ட பெயர் இது.

கேள்வி: மாறுமின்னோட்டம் ஆபத்தானது என்று காட்டுவதற்காக எடிசன் ஒரு யானையைக் கொன்றாராமே? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: டாப்ஸி என்னும் அந்த யானை 1903 ஜனவரியில் நியூயார்க்கின் கோனி தீவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் உரிமையாளர்களால் கொல்லப்பட்டது. அதைப் படம் எடுத்தது எடிசன் பெயர் தாங்கிய திரைப்பட நிறுவனம்; அவர் அங்கே இல்லை; நேர்மின்னோட்டத்தை ஆதரித்த எடிசனுக்கும் மாறுமின்னோட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் இடையே நடந்த மின்சாரப் போட்டியும் அதற்குப் பத்தாண்டு முன்பே முடிந்து, அவர் மின்வழங்கல் தொழிலை விட்டே விலகியிருந்தார். ஆனால் அவரை முழுதும் விடுவித்துவிடவும் வேண்டாம். 1888இல் ஹரால்டு பிரௌன் என்பவர் நாய்களையும், பின்னர் கன்றுகளையும் ஒரு குதிரையையும் மாறுமின்னோட்டத்தால் கொன்று காட்டிய சோதனைகள் எடிசனின் ஒப்புதலோடு இதே வெஸ்ட் ஆரஞ்சு வளாகத்தில் நடந்தவை. யானைக் கதையைப் பரப்புகிறவர்கள், நடந்த கொடுமையை விட்டுவிட்டு நடக்காததைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் வீட்டுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தீர்கள். அந்த வீட்டை நடத்திய பெண்மணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. (ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

எடிசனின் முதல் மனைவி மேரி 1884இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளோடு இருந்த எடிசன், 1886 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் இருபது வயது மினா மில்லரை மணந்தார். நகரத்தில் வீடு வேண்டுமா, நாட்டுப்புறத்தில் வேண்டுமா என்று கேட்டதற்கு மினா நாட்டுப்புறத்தையே தேர்ந்தெடுத்தார் என்பார்கள். அப்படி அமைந்ததுதான், லுவெல்லின் பார்க் என்னும் காவல் வாயிலிட்ட குடியிருப்புக்குள், பதின்மூன்று ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டத்தின் நடுவே நிற்கும் 29 அறைகள் கொண்ட கிளென்மான்ட். இதற்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. அதைக் கட்டிய ஹென்றி பெடர், தாம் வேலைபார்த்த நியூயார்க் துணிக்கடை நிறுவனத்தின் பணத்தைக் கையாடி அந்த மாளிகையை எழுப்பியவர். அகப்பட்டதும் வீடு கடைக்காரர்கள் கைக்குப் போயிற்று. அவர்களிடமிருந்து எடிசன் 1,25,000 டாலருக்கு வாங்கியபோது மேசை நாற்காலி, தட்டுமுட்டு, ஓவியம் எல்லாமும் சேர்ந்தே வந்தன. இன்று எடிசனின் ரசனை என்று நாம் வியந்து பார்க்கும் சில பொருள்கள் உண்மையில் அந்தக் கையாடற்காரரின் ரசனை.

கண்டுபிடிப்பாளரின் வீடு என்பதால் சுவரெங்கும் பொத்தான்களும் விந்தைக் கருவிகளும் இருக்கும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். கீழ்த்தளம் விருந்தினருக்கானது, கனத்த திரைச்சீலைகளும் கண்ணாடி ஓவியங்களும் செதுக்கு மரமுமாக விக்டோரியா காலத்து ஆடம்பரம் அப்படியே இருக்கிறது. குடும்பம் உண்மையில் வாழ்ந்த இடம் மாடியில் உள்ள கூடம். எடிசன் இரவில் நூல்களைப் பரப்பிக்கொண்டு அமர்ந்த மேசை அங்கே இருக்கிறது; அதை அவர் தம் சிந்தனைப் பலகை என்பாராம். அவருக்கு வேண்டிய தகவலை நூல்களில் தேடித் தருவது பிள்ளைகளுக்கு மாலை வேலையாக இருந்தது. மினாவின் மூன்று பிள்ளைகளில் ஒருவரான சார்லஸ் பின்னாளில் நியூ ஜெர்சியின் ஆளுநரானார்.

மினா தம்மை 'இல்லத்தரசி' என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'வீட்டு நிர்வாகி' என்றே சொல்லிக்கொண்டார். ஒரு டஜனுக்கு மேற்பட்ட பணியாளர்கள் இருக்கும் வீடு, மூத்தாள் பிள்ளைகள் மூவர், தம் பிள்ளைகள் மூவர், ஓயாத விருந்தினர், சாப்பாட்டு வேளையை மறந்து ஆய்வுக்கூடத்திலேயே கிடக்கும் காது கேளாத கணவர் என்று இத்தனையையும் கட்டி மேய்த்தவருக்கு அந்தப் பட்டம் மிகையில்லை. வீடும் 1891 முதல் அவர் பெயரிலேயே இருந்தது. தொழிலில் கடன்காரர்கள் நெருக்கினாலும் குடியிருக்கும் கூரை போய்விடக்கூடாது என்ற முன்யோசனை அது.

எடிசன் மறைந்தபின், வீடு சிதறாமல் நினைவிடமாக நிற்கவேண்டும் என்ற ஏற்பாட்டோடு 1946இல் மினா அதைக் கணவரின் நிறுவனத்தின் பெயருக்கே மாற்றினார். மறு ஆண்டு இறந்தார். நாம் இன்று அறைகளைக் கலையாமல் பார்க்க முடிவது அந்தப் பெண்மணியின் தீர்மானத்தால்தான். வீட்டின் பின்புறப் புல்வெளியில் இரண்டு எளிய கற்பலகைகளின்கீழ் இருவரும் அடங்கியிருக்கிறார்கள். 1963இல் வேறு கல்லறைத் தோட்டத்திலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கேள்வி: காது கேளாதவர் எப்படி இசைத்தட்டுத் தொழில் நடத்தினார்? (சங்கீத ரசிகர், தஞ்சாவூர்)

பதில்: பற்களால் கேட்டார். ஃபோனோகிராஃபின் மரச்சட்டத்தையோ பியானோவின் விளிம்பையோ கடித்துக்கொண்டால், அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்செவிக்குப் போய்விடும். அவர் கடித்த தடம் பதிந்த கருவியே எஞ்சியிருக்கிறது. மூன்றாம் தளத்தில் உள்ள இசை அறையில் பியானோவும் ஒலிப்பதிவுக் கூம்பும் இருக்கின்றன.

பாடகர்களை அவரே தேர்ந்தெடுத்தார் என்பதுதான் தொழிலுக்கு வினையாக முடிந்தது. குரல் நடுங்கினால் அவருக்குப் பிடிக்காது. கமகத்தை அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஜாஸ் இசையும் பிடிக்காது. அவருடைய வைர ஊசித் தட்டுகள் ஒலித்தூய்மையில் போட்டியாளர்களுடையவற்றைவிட மேலானவை என்று பலரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் மக்கள் தட்டை வாங்கவில்லை, பாடகரை வாங்கினார்கள். கரூசோ போன்ற பெரும்பெயர்கள் விக்டர் நிறுவனத்திடம் இருந்தன. 1929இல் எடிசன் நிறுவனம் இசைத்தட்டுத் தொழிலையே மூடிவிட்டது.

கேள்வி: பத்து வயதுப் பேரனை அழைத்துப் போகலாமா? எவ்வளவு நேரம் வேண்டும்? (ஒரு தாத்தா, நாகர்கோவில்)

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம். இரண்டையும் சேர்த்து அரைநாள் ஒதுக்குங்கள். வளாகத்தை நடுவண் அரசின் தேசியப் பூங்காத் துறை நிர்வகிக்கிறது; வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, வீட்டைப் பார்க்கும் நேரம் இன்னும் குறைவு. ஆகவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வீடு தனியார் குடியிருப்புக்குள் இருப்பதால் நேராகப் போனால் வாயிலில் நிறுத்திவிடுவார்கள். முதலில் ஆய்வுக்கூடத்தில் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். வீட்டை முதலில் முடித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள் என்பது என் யோசனை. திரைச்சீலைகளைப் பார்த்துப் பையன் சலித்துப்போனாலும், சரக்கறைக்கு வந்ததும் சரியாகிவிடுவான். பட்டறையில் அந்தத் தோல் பட்டைகளில் ஏதாவது ஒன்றை அவனுக்குக் காட்டி, மேலே உள்ள தண்டு சுழன்றால் கீழே எது எந்தப் பக்கம் சுழலும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தாத்தா பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் ஆயுள் முழுவதும் பால்மரம் வெட்டியவர். எடிசன் கடைசிக் காலத்தில் ரப்பர் ஆராய்ச்சி செய்தார் என்று எங்கோ படித்தேன். அதுவும் இந்த ஆய்வுக்கூடத்தில்தானா? (ஒரு வாசகர், ஈப்போ, மலேசியா)

பதில்: ஒரு பகுதி இங்கே நடந்தது, பெரும்பகுதி ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில், அவருடைய குளிர்கால வீட்டில். உங்கள் தாத்தாவின் கதைக்கும் இதற்கும் நேரான தொடர்பே இருக்கிறது. 1922இல் பிரிட்டிஷ் அரசு மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் ரப்பருக்குக் கட்டுப்பாடு விதித்து விலையை உயர்த்தியது. கார் டயருக்கு ரப்பரின்றிக் கதியில்லாத ஹென்றி ஃபோர்டும் டயர் அதிபர் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் கலங்கிப்போய், அமெரிக்க மண்ணிலேயே விளையும் ரப்பர்ச் செடியைத் தேடித்தரும்படி எண்பது வயதான எடிசனிடம் வந்து நின்றார்கள். தமிழர்கள் தோட்டங்களில் வெட்டி எடுத்த பாலை நம்பியிராமல் பிழைக்க ஒரு வழி என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் சாரம்.

1927இல் மூவரும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 17,000 தாவர மாதிரிகளைச் சோதித்தபின் எடிசன் தேர்ந்தெடுத்தது, சாலையோரத்தில் மஞ்சள் பூப்பூக்கும் 'கோல்டன்ராடு' என்னும் களைச்செடியை. ஒட்டுக்கலப்பால் அதை ஆளுயரத்தைவிட இருமடங்கு வளரச் செய்தார். அதில் ரப்பரும் கிடைத்தது. ஆனால் மலாயா ரப்பரோடு தரத்திலும் விலையிலும் அதனால் போட்டியிட முடியவில்லை. அவருக்குப்பின் அந்த முயற்சி மெல்ல நின்றுபோயிற்று.

1928இல் கட்டிய அந்த ஆய்வுக்கூடம் ஃபோர்ட் மையர்ஸில் கண்ணாடிக் குடுவைகளோடு அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில், பாலில் ரப்பர் கிடைக்குமா என்று பார்ப்பதற்காக 1920களில் நான்கடிக் கன்றாக நட்ட ஓர் ஆலமரமும் இருக்கிறது; ஃபயர்ஸ்டோன் கொடுத்தது, நம் நாட்டு ஆல். இன்று ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பில் விழுதுவிட்டு நிற்கிறது. தாத்தா பயன்படுத்திய பால் வெட்டும் கத்தி வீட்டில் இன்னும் இருந்தால் அதன் படமொன்றை அனுப்பிவையுங்கள். அடுத்து ஃபோர்ட் மையர்ஸைப் பற்றி எழுதும்போது அந்தக் குடுவைகளின் படத்துக்கு அருகில் அதையும் வெளியிட விரும்புகிறேன்.